தம்பியின் செய்தியில் அக்கா

சென்ற வெள்ளிக்கிழமை மாலை, இந்தப் பத்தியின் வாசகர் ஒருவரிடமிருந்து எனக்கு வந்த வாட்ஸ்அப் செய்தி இது. எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

"சார், உங்க பத்திய வாராவாரம் படிக்கிறேன். போன வாரம் பேப்பர்ல எங்கள புறம்போக்குவாசிங்கன்னு போட்டிருந்தாங்க. நேத்து மீட்டிங்ல கம்பெனிக்காரரு அந்தப் பேப்பரத் தூக்கிக் காட்டுனாரு. 'உங்க தமிழ்ப் பேப்பரே சொல்லுது பாருங்க'ன்னாரு. அந்தச் செய்திய எழுதுனது என் கூடப்பிறந்த தம்பி. இத நான் யார்கிட்ட சொல்றது?"

அனுப்பியவர் இந்திராணி. சிம்பாங் ரெங்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். குடியிருப்பது ரெங்கம் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தின் பழைய வீட்டில். அவருடைய அப்பாவும் அம்மாவும் அந்தத் தோட்டத்தில் உழைத்து, அந்த வீட்டிலேயே கண்ணை மூடியவர்கள். இப்போது தோட்டம் கைமாறிவிட்டது. புதிய கம்பெனிக்கு நிலம் வேண்டும்.

தோட்டத் தொழிலாளர் குடும்பம் என்று ஏற்றுக்கொண்டால் மாற்று வீடு கிடைக்கும். அனுமதி இல்லாமல் தங்கியிருக்கும் புறம்போக்குவாசிகள் என்றால்... வெளியேற்ற ஒரு நோட்டீஸ் போதும்.

ஆக, அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு குடும்பத்தின் கூரை இருக்கிறது.

நான் செய்திகளை வெட்டியெடுத்து, ஓரத்தில் தேதி எழுதி வைக்கிறவன். தொடர்ந்து படிக்கிற உங்களுக்கு அது தெரியும். இந்த விவகாரம் பற்றி வந்த துணுக்குகளை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் செய்தியில் 'தோட்ட மக்கள்'. தோட்டம் கைமாறியதும் 'குடியிருப்பாளர்கள்'. மண்வாரி இயந்திரம் வந்து நின்ற வாரம் 'ஒரு தரப்பினர்'. கடைசியாக 'புறம்போக்குவாசிகள்'.

வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. பெயர்தான் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போனது.

வினைச்சொற்களையும் கவனித்தேன். கம்பெனி 'விளக்கமளித்தது'. மக்கள் 'கூச்சலிட்டனர்'. கம்பெனி 'கேட்டுக்கொண்டது'. மக்கள் 'குற்றஞ்சாட்டினர்'. பிறகு, 'அங்கே பதற்றம் ஏற்பட்டது'. மழை பெய்கிற மாதிரி, அது தானாகவே ஏற்பட்டுவிட்டது! இயந்திரத்தை யார் கொண்டுவந்து நிறுத்தினார்கள்? அந்தச் செய்தியில் அது இல்லை.

சனிக்கிழமை தம்போயில் உள்ள என் வீட்டிலிருந்து கிளம்பி இந்திராணியின் வீட்டுக்குப் போனேன். அவர் தம்பி குமாரையும் வரச்சொல்லியிருந்தார். குமார் பள்ளி வேன் ஓட்டுகிறவர். கூடவே பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்கா ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க நிருபர் சார். புறம்போக்குல காப்பி குடிப்பீங்களா?"

"அக்கா, சார் முன்னால வேணாம் லா."

"ஏன்? சாருக்கும் தெரியட்டும். நீ எங்கடா பொறந்த? பங்களாவுலயா? இந்தா, இந்த ரூம்லதான். அப்ப நீ யாரு?"

குமார் என்னைப் பார்த்தார். "சார், கம்பெனி அறிக்கை மலாய்ல வந்துச்சு. பிள்ளைங்கள இறக்கிவிட்டுட்டு, வேன்லயே உக்காந்து தமிழ்ல மாத்துனேன். அதுல 'செத்திங்கன்'னு இருந்துச்சு. நம்ம பேப்பர்ல அதுக்கு எப்பவும் புறம்போக்குன்னுதானே போடுவோம்? கை பழக்கத்துல அடிச்சிருச்சு."

"அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"அங்கதான் சார் பிரச்சினை. சொந்த அக்காவப் பேட்டி எடுத்தா ஒரு பக்கமா சாயுறேன்னு சொல்வாங்க. அதனாலதான் வேணும்னே இந்தப் பக்கம் வரல."

நடுநிலை தவறக் கூடாது என்றுதான் அந்த மனிதர் ஒதுங்கியிருக்கிறார். அவர் ஒதுங்கிய இடத்தில் கம்பெனியின் சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. சதி எதுவும் இல்லை. அவசரம், பழக்கம், நல்லெண்ணம்... இவை போதும். யாரும் யாருக்கும் கட்டளை போட வேண்டியதில்லை.

அப்படியென்றால் கம்பெனியை எதிர்க்கும் தரப்பு யோக்கியமா? குடியிருப்பு முனையில் ஒரு கட்சியினர் பதாகை கட்டியிருந்தார்கள். 'தோட்டத்துப் போராளிகளுக்கு வீரவணக்கம்' என்று கொட்டை எழுத்தில். அவர்களுடைய இணையச் செய்தியிலும் இந்திராணி 'போராளி'தான்.

"அது மட்டும் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டேன்.

"அலமாக், அது வேற ஒரு தலைவலி சார்! செத்தவங்களுக்குத்தானே வீரவணக்கம் சொல்லுவாங்க? நான் காலைல வேலைக்குப் போறேன், சாயங்காலம் வந்து சோறாக்குறேன். போராளின்னு போட்டதும் ஃபேக்டரி சூப்பர்வைசர் என்னைய ஒரு மாதிரி பாக்குறாரு."

ஒரு பக்கம் அவரைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுகிறது. இன்னொரு பக்கம் அவரைத் தூக்கித் தன் கொடிக்கம்பத்தில் கட்டுகிறது. இரண்டிலும் இந்திராணி இல்லை.

உலகச் செய்திகளையும் இப்படித்தானே படித்துக்கொண்டிருக்கிறோம்? போரில் ஒரு பக்கத்துக் குழந்தைக்குப் பெயர் உண்டு, வயது உண்டு, அதற்குப் பிடித்த பொம்மைகூட உண்டு. மறுபக்கத்துக் குழந்தைக்கு எண்ணிக்கை மட்டும். யாருடைய சாவுக்கு நாம் அழ வேண்டும் என்பதைச் செய்தியின் முதல் வரியே தீர்மானித்துவிடுகிறது. நாமோ, தகவல் தெரிந்துகொண்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

குமார் கைப்பேசியை எடுத்தார். புதுச் செய்தி ஒன்று எழுதுவதாகச் சொன்னார். கொஞ்சம் தட்டினார், அழித்தார், மறுபடியும் தட்டினார்.

"உன்னைய என்னான்னு போடுறது? 'பாதிக்கப்பட்டவர்'?"

"வேணாம். பாவம் பாக்குற மாதிரி இருக்கு."

"'குடியிருப்பாளர்'?"

"கம்பெனி ஆளு நேத்து வந்தவன்னு சொல்லுவான்."

"அப்ப நீயே சொல்லு லா!"

"பேரப் போடு. அப்பா பேரப் போடு, அம்மா பேரப் போடு. ரெண்டு பேரும் இங்க என்னா வேலை செஞ்சாங்கன்னு போடு. நான் பொறந்தது இந்த வீட்டுலதான்னு போடு. அது போதும்."

அவர் அப்படியே எழுதினார். கம்பெனியின் பதிலையும் கேட்டுச் சேர்ப்பதாகச் சொன்னார். அது சரிதானே? பிறகு கொஞ்சம் யோசித்து, கடைசியில் ஒரு வரி தட்டி, கைப்பேசியை அக்காவிடம் நீட்டினார்.

'இச்செய்தியை எழுதியவர் இந்திராணியின் தம்பி. அவர் பிறந்ததும் இதே வீட்டில்தான்.'

இந்திராணி படித்தார். உள்ளே போய், தம்பிக்கு இன்னொரு கோப்பை காப்பி கொண்டுவந்து வைத்தார்.

செய்தி புதன்கிழமை உள்பக்கத்தில் வெளியானது. கம்பெனியின் பதிலும் இருந்தது. பெற்றோரின் பெயர்கள் அச்சாகியிருந்தன. அந்தக் கடைசி வரி மட்டும் இல்லை. இடமில்லை என்றார்களாம்.

வியாழக்கிழமை இந்திராணி அரைநாள் விடுப்பு எடுத்து, அந்தப் பக்கத்தை, இந்த விவகாரத்தை விசாரிக்கும் நில அலுவலகத்தில் கொடுத்திருக்கிறார். பழைய செய்தி ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது. புதியதையும் சேர்த்தாகிவிட்டது என்று முகப்பில் இருந்தவர் சொன்னாராம். வரும் திங்கட்கிழமை அடுத்த கூட்டம். மாற்று வீடா, நோட்டீஸா என்று அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

சேர்த்துவிட்டார்களா? நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.