காலை ஏழு மணிக்கு வந்த நலம்

என் படிப்பறைச் சாளரத்தின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் போத்தல் இருக்கிறது. தீபாவளிக்கு முறுக்கும் நெய்யுருண்டையும் நிரப்பி உறவினர் வீடுகளுக்கு அனுப்புவார்களே, அந்தச் சிவப்பு மூடிப் போத்தல்தான். பினாங்கில் எந்தத் தமிழர் வீட்டு அடுக்களையிலும் நான்கைந்தாவது கிடக்கும். இதனுள் இப்போது பலகாரம் இல்லை. உள்ளங்கையளவே உள்ள கணினிப் பலகை ஒன்று அதன் அடியில் படுத்திருக்கிறது. சுடுகம்பியால் மூடியில் இட்ட துளைகளின் வழியே கம்பிகள் வெளியேறி, பக்கத்திலுள்ள மீன்தொட்டிக்குள் இறங்குகின்றன. பச்சை விளக்கொன்று விட்டுவிட்டு மினுக்குகிறது. நாள்தோறும் காலை ஏழு மணிக்கு இது என் கைப்பேசிக்கு ஒரு செய்தி அனுப்பும். முன்பு அச்செய்தி ஒரே சொல்லாக இருந்தது. அந்தச் சொல்லைத் தேர்ந்து கொடுத்தவன் நான். அதை நம்பி நான் செய்த பிழையை எழுதிவைக்க வேண்டும் என்று பல நாள்களாக எண்ணி, இன்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

போத்தல் என் தங்கையுடையது. கருவி அவள் கணவர் செய்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பொறிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் ஏறத்தாழ முப்பதாண்டுகள் பணியாற்றியவர் என் மைத்துனர். தங்கை மறைந்தபின், டத்தோ கிராமாட்டிலுள்ள அடுக்குமாடி வீட்டில் தனியாகவே வாழ்ந்தார். ஒரே மகளுக்கு ஜொகூரில் வேலை. ஓய்வுபெற்ற சில ஆண்டுகளில் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. திங்கள், புதன், வெள்ளி என்று கிழமைக்கு மூன்று நாள், நான்கு மணிநேரம் பொறியோடு பிணைந்து கிடந்து குருதியைத் தூய்மை செய்துகொண்டு வருவார். ஊசி ஏற்றுவதற்கென்று இடக்கையில் அறுவை செய்து குருதிக்குழாயைத் தடிக்க வைத்திருந்தார்கள். அந்தக் கையால் கனமான எதையும் தூக்கலாகாது என்பது மருத்துவர் இட்ட கட்டளை.

அவருக்கிருந்த ஒரே ஆசை மீன்தொட்டி. டிஸ்கஸ் என்னும் வட்டமான மீன்கள் ஏழு. தட்டுப்போல் தட்டையாய், செம்மஞ்சள் நிறத்தில், கூடத்து வெளிச்சத்தில் மெல்லத் திரும்பும்போது பழைய நாணயங்கள் நீரில் மிதப்பதாகத் தோன்றும். மிக மென்மையான உயிர்கள். கிழமைக்கு ஒருமுறையேனும் தொட்டிநீரில் ஒரு பங்கை இறைத்துப் புதுநீர் வார்க்காவிட்டால் நிறம் கறுத்து, மூலையில் ஒடுங்கிவிடும். வாளி தூக்க அவருக்குக் கை இல்லை என்பதால் அந்தப் பணியை நான் ஏற்றுக்கொண்டேன். சனிக்கிழமைதோறும் ஆயர் ஈத்தாமிலிருந்து பேருந்தேறிப் போவேன். முதல்நாளே குளியலறைப் பீப்பாயில் பிடித்து, குழாய்நீரின் குளோரின் வாடை நீங்கக் கிடந்த நீரை வாளி வாளியாகக் கூடத்துக்குச் சுமப்பேன். அவர் நாற்காலியில் அமர்ந்து, "மெதுவா ஊத்துங்க மச்சான், மீனுக்கு அருவியில குளிச்சு பழக்கமில்ல" என்பார்.

பணி முடிந்ததும் தேநீர். எனக்குக் கோப்பை நிறைய. அவருக்கு அடியில் இரண்டு விரற்கடை. நாளொன்றுக்கு அவர் அருந்தத்தக்க நீரை மருத்துவமனை அளந்து கொடுத்திருந்தது. அந்த இரண்டு விரற்கடையை அரைமணிநேரம் வைத்துப் பருகுவார். "மீனுக்கு நாலு வாளி, எனக்கு நாலு மடக்கு. யாரு மச்சான் குடுத்து வச்சவங்க?" என்று கேட்டுத் தாமே சிரிப்பார். என் தங்கையைப் பற்றி நாங்கள் மிகுதியாகப் பேசியதில்லை. அவள் வாங்கிவைத்த கோப்பைகளில் தேநீர் பருகினோம். அதுவே எங்களுக்குப் போதுமான பேச்சாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை குளியலறை வாயிலில் வழுக்கி விழுந்தேன். வலமுழங்கால் வீங்கிப்போயிற்று. எழுப்பிவிடக் குனிந்தவர் இடக்கையை நீட்டப்போய்ச் சட்டென்று பின்னிழுத்துக்கொண்டு, வலக்கையை மட்டும் கொடுத்தார். அன்று அவர் முகத்தில் கண்ட நாணம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. "போதும் மச்சான். இனிமே நீங்க வாளி தூக்க வேணாம். ஒங்க முட்டிய ஒடச்சா, ஒங்க தங்கச்சி மேலேருந்து என்னய ஏசும்" என்றார்.

மறு கிழமையே பொருள்கள் வாங்கத் தொடங்கிவிட்டார். கணினிப் பலகை, நீரின் வெப்பத்தை அளக்க ஒன்று, அமிலப் புளிப்பை அளக்க ஒன்று, மட்டத்தைக் காட்ட ஒரு மிதவை, மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சிறு ஆளிகள், இரண்டு நீரேற்றிகள். ஒன்று பழைய நீரைக் குளியலறைக்கு வெளியேற்றும். மற்றொன்று பீப்பாயிலிருந்து புதுநீரைக் கொண்டுவரும்; இடையில் ஆவியாகி மட்டம் குறைந்தாலும் அதுவே நிரப்பிவிடும். பீப்பாயைக் கழுவி நிரப்பிவிட்டு ஒரு பொத்தானை அழுத்துவது மட்டுமே அவர் செய்ய வேண்டியது. வீங்கிய காலைத் தூக்கி முக்காலியில் வைத்துக்கொண்டு, நானும் சில நாள்கள் அருகே அமர்ந்து பார்த்தேன். தங்கையின் போத்தலைக் கழுவித் துடைத்து, கம்பியை அடுப்பில் காய்ச்சி மூடியில் துளையிட்டார். பிளாஸ்டிக் கருகும் நாற்றத்தோடு, எங்கோ ஒட்டியிருந்த பழைய நெய்வாசமும் எழுந்தது.

ஒவ்வோர் உறுப்புக்கும் நான் தமிழில் பெயர் சொல்லிக்கொண்டிருந்தேன்; பயிற்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவனின் விடாப்பழக்கம். உணரி, ஆளி, நீரேற்றி என்று நான் அடுக்க, "நீங்க சொல்ற பேரக் கேட்டா மீனே எந்திரிச்சி நின்னு வணக்கம் சொல்லும் போல" என்றார். இறுதியில், காலைதோறும் கருவி அனுப்ப வேண்டிய செய்தியில்தான் எங்களுக்குள் வழக்கு மூண்டது. வெப்பம், புளிப்பு, மட்டம் மூன்றும் வரம்புக்குள் இருந்தால் ஆங்கிலத்தில் ஓக்கே என்று அனுப்புமாறு அமைத்திருந்தார். நான் ஒப்பவில்லை.

"ஓக்கே போதும்லா மச்சான். யாருக்கும் வெளங்கும்."

"நமக்குச் சொல் இல்லையா மாப்ள? நலம்னு போடுங்க."

"நலமா? மெசின் கடுதாசி எழுதற மாதிரி இருக்குமே."

"இருக்கட்டுமே."

அவர் விட்டுக்கொடுத்தார். எழுத்தைப் பதித்துச் சரிபார்த்துவிட்டு, பொறிகளோடு வாழ்ந்த மனிதருக்கே உரிய எச்சரிக்கையோடு ஒன்று சொன்னார்: "ஆனா ஒண்ணு மச்சான். இதுக்கு மூணு விசயந்தான் தெரியும். மத்தத பாக்க ஆளு வேணும்லா." மீனின் கழிவால் நீரில் சேரும் நஞ்சை அந்தக் கருவி அளக்காது, அதைச் சொல்கிறார் என்று தலையசைத்தேன்.

அதன்பின் நாள்தோறும் ஏழு மணிக்கு நலம் வரத் தொடங்கியது. என் மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டும். நாளிதழை விரிக்குமுன் அந்தச் செய்தியைப் பார்ப்பேன். தொடக்கத்தில் சில நாள்கள் 'மகிழ்ச்சி' என்று மறுமொழிகூட எழுதினேன். அவர் தொலைபேசியில் அழைத்து, "அது மெசின் மச்சான். ஒங்க மகிழ்ச்சிய வச்சிக்கிட்டு அது என்னா செய்யும்? எனக்கு அனுப்புங்க" என்று சிரித்தார். நான் அவருக்கும் அனுப்பவில்லை. கருவிக்கு எழுதுவதையும் விட்டுவிட்டேன். நலம் என்னும் சொல் காலையில் வந்துவிட்டால், அவரையே கண்டு பேசிவிட்டதாக ஒரு நிறைவு. ஓக்கே என்று வந்திருந்தால் பொறி பேசுகிறது என்று உறைத்திருக்கும். நலம் என்று வந்ததால், தொட்டியின் நலத்தை மனிதரின் நலமாகவே வாசித்துக்கொண்டேன்.

முழங்கால் ஒரு திங்களுக்குள் தேறிவிட்டது. மாடிப்படி ஏறினேன்; சந்தைக்கு நடந்தேன்; லிட்டில் இந்தியாவின் நெரிசலில் புத்தகக் கட்டோடு அலைந்தேன். அப்போது ஒரு சொற்றொகுதியை அச்சுக்கு அணியப்படுத்திக்கொண்டிருந்தேன். மெய்ப்புத் தாள்கள் மேசையில் குவிந்திருந்தன. இரண்டு மூன்று முறை அவர் அழைத்தார். "வேல ஒண்ணுமில்ல மச்சான். சும்மா வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டு போலாம்" என்றார். போகக்கூடாது என்றில்லை, சனிக்கிழமை முழுதும் போய்விடுமே என்ற தயக்கம். "முட்டி இன்னும் பிடிக்குது மாப்ள" என்றேன். அவர் உடனே, "அப்ப வேணாம், வேணாம். ரெஸ்ட் எடுங்க" என்றார். மீன் எப்படி என்று கேட்டேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேனா? கேட்டதாக நினைவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஏழு மணிக்குச் செய்தி வந்தது. நலம். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மெய்ப்புத் தாளை எடுத்தேன். எட்டரை மணிக்கு அவருடைய பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி அழைத்தார். விடிந்ததும் கதவைத் திறந்துவைப்பவர் திறக்கவில்லையாம். தம்மிடமிருந்த சாவியால் திறந்து பார்த்தாராம். மலாயில் மெதுவாக, ஆசிரியரை அழைக்கும் முறையில் என்னைச் சிக்கு என்று விளித்து, அவர் சொன்ன செய்தியை நான் மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னேன். உறக்கத்திலேயே நெஞ்சு நின்றிருக்கிறது. விடியுமுன்பே முடிந்திருக்க வேண்டும் என்றார் வந்து பார்த்த மருத்துவர்.

நான் போனபோது, கூடத்தில் அந்தச் சிவப்பு மூடிக்கடியில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. தொட்டியில் நீர்மட்டம் சரியாக இருந்தது. மீன்கள் ஏழும் கரிபூசியதுபோல் கறுத்து, பின்மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாய் ஒடுங்கியிருந்தன. குளியலறைப் பீப்பாயின் அடியில் ஒரு சாண் நீரே கிடந்தது. சமையலறைத் தொட்டியில் தங்கையின் கோப்பை ஒன்று, கழுவப்படாமல்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையில், அவர் மகள், என் மருமகள், தந்தையின் கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு என்னை அழைத்தாள். "மாமா, இந்த ரெக்கார்ட் எல்லாம் ஒங்களுக்கு வந்துச்சா? சனிக்கிழம சனிக்கிழம அனுப்பியிருக்காரு. ஒங்களுக்கு மட்டுந்தான் போயிருக்கு."

வந்திருந்தது. சனி மாலைகளில் ஒரு கோப்பு வரும். எண்களாக இருக்கும் என்று நான் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. வரிக்கு வரி ஊன்றிப் படிக்க வேண்டும் என்று எத்தனையோ ஆசிரியர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். மருமகள் படிக்கப் படிக்கக் கேட்டேன். தொடக்கத்தில் சனிதோறும் பத்து மணிக்கு நீர் மாற்றப்பட்டிருந்தது. பிறகு பதினொன்றரைக்கு. பிறகு மாலை நான்குக்கு. பிறகு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போயிருந்தது. ஒருமுறை தொடங்கிப் பாதியில் நிறுத்தப்பட்டிருந்தது. கடைசி ஆறு கிழமைகள் மாற்றமே இல்லை. பீப்பாயைக் கழுவி நிரப்பவும் அவருக்கு வலுவில்லாமல் போயிருக்கிறது. மாற்றாத நாள்களுக்கு எதிரே காரணம் எழுத ஓரிடம் வைத்திருந்தார். கைவலி. நாளைக்கு. ஊசி போட்ட எடம் வீக்கம். அதற்கடுத்து வந்த ஐந்து வரிகளும் ஒன்றுபோலவே இருந்தன: மச்சான் முட்டி சரியானதும் கூப்பிடணும்.

மருமகள் என் முழங்காலைப் பார்த்தாள். "இன்னும் வலிக்குதா மாமா?" என்று கேட்டாள். நான் முழங்காலைக் கையால் மூடிக்கொண்டேன். அவள் அதை வலி என்று எண்ணிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

நான் இரண்டு வாளி சுமந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்லமாட்டேன். அவர் நெஞ்சு நெடுநாளாகவே நைந்திருந்தது என்று மருத்துவர் சொன்னார். ஆனால் ஆறு சனிக்கிழமைகள் அவர் அந்தக் கூடத்தில் அமர்ந்து, மீன்கள் கறுப்பதைப் பார்த்துக்கொண்டு, இல்லாத என் வலி தீரட்டும் என்று காத்திருந்தார். என்னை வாளி தூக்கவிடலாகாது என்பதற்காக ஒரு பொறியையே கட்டியவர் அவர். அவருக்கு நான் திருப்பித் தந்தது ஒரு பொய். அதை அவரிடம் சொல்லி ஏச்சு வாங்கியிருந்தாலாவது பாரம் குறைந்திருக்கும். மருமகளிடம் சொல்வதற்கே எனக்கு நான்கு திங்கள்கள் ஆயின. தொலைபேசியில் அவள், "அப்பா இருந்திருந்தா, மச்சானுக்கு நல்லா கத கட்ட வருதுன்னு சொல்லியிருப்பாரு" என்றாள். அழுதுகொண்டுதான் சொன்னாள்.

ஏழில் இரண்டு மீன்கள் பிழைத்தன. தொட்டியையும் போத்தலையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீரேற்றிகளைக் கழற்றி வைத்துவிட்டேன். சனிக்கிழமைகளில் அரைவாளி அரைவாளியாக நானே சுமக்கிறேன், மெதுவாக ஊற்றுகிறேன். மருமகளைக் கேட்டு, கருவி அனுப்பும் செய்தியை மாற்றினேன். ஒரு சொல்லே போதும் என்று வழக்காடியவன், முன்னால் இன்னொரு சொல்லைச் சேர்த்தேன். இப்போது, ஏழு மணிக்குச் சிவப்பு மூடிப் போத்தலிலிருந்து வருவது 'தண்ணீர் நலம்'. அதற்குத் தெரிந்தது அவ்வளவே. அதற்குமேல் அதைச் சொல்லவைக்க எனக்கு உரிமையில்லை.

அச்செய்தி ஜொகூரிலுள்ள மருமகளுக்கும் போகிறது. அவள் வேலைக்குக் கிளம்புமுன் நான் அழைப்பேன். எடுத்தவுடன் தந்தையின் குரலிலேயே, "சொல்லுங்க மாமா, மீனு எப்படி இருக்கு?" என்று கேட்பாள்.

"மீன் இருக்கட்டும்மா," என்பேன். "நீ எப்படி இருக்கே? அத மொதல்ல சொல்லு."