ஓரத்தில் எழுதியவரைத் தேடி கூத்தாநல்லூர் வரை

காலை 5.40. தஞ்சாவூர் ரயிலடியில் இறங்கும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. சென்னையிலிருந்து முந்நூற்றைம்பது கிலோமீட்டர் பொட்டுத் தூக்கமில்லாமல் வந்திருக்கிறேன். பெரிய கோயிலைப் பார்க்க இல்லை. ஒரு புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய மகராசன் யார் என்று கண்டுபிடிக்க.

விஷயம் இதுதான். நாங்கள் தபால் வழி வாசகர் வட்டம், பன்னிரண்டு பேர். ஒரே ஒரு பிரதி ஊர் ஊராகப் போகும். மனதில் தைத்த வரிக்குக் கோடு போட்டு, தோன்றியதை ஓரத்தில் எழுதி அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். பெயர் போடக் கூடாது. இந்த முறை போனது ஒரு கறுப்பினப் பெண்ணின் தன்வரலாறு, தமிழாக்கம். அதில் ஒரு கடைக்காரர் மீதிச் சில்லறையை அவள் கையில் தராமல் மேசைமேல் போடுகிறார். நான் அங்கே கோடு போட்டு, ‘எனக்கும் நடந்தது. இங்கிலாந்தில், மகள் வீட்டுப் பக்கத்துக் கடையில். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை’ என்று எழுதினேன். சுற்றிவிட்டுப் புத்தகம் என்னிடம் திரும்பியபோது கீழே வேறொரு கையெழுத்து: ‘இது எங்கள் வயலிலும் உண்டு. உங்கள் வீட்டில் நடந்ததே இல்லையா?’

என் வீட்டைப் பற்றிக் கேட்க இது யார்? ஒரு மாதமாக இதே நினைப்பு. மாதம் ஓர் ஊரில் வட்டம் நேரில் கூடும். இந்த மாதக் கூட்டம் கூத்தாநல்லூரில் என்று தெரிந்ததும் டிக்கெட் போட்டுவிட்டேன்.

7.15. மன்னார்குடி பஸ், முப்பது ரூபாய். சம்பா அறுவடை முடியும் சமயம். வடுவூர் தாண்டியதும் பாதி ரோட்டில் நெல் காய்கிறது. டிரைவர் ஒவ்வொரு நெல் விரிப்புக்கும் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்.

“இப்படி ரோட்டுல காயப் போட்டா நீங்க எப்படிங்க ஓட்டுவீங்க?” என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

“ஈரப்பதம் கூட இருந்தா கொள்முதல் நிலையத்துல எடுக்க மாட்டாங்கம்மா. வேற எங்க போடுவாங்க? டிரைவர் வீட்டு நெல்லும் இதுல கிடக்குது, அதான் இவ்ளோ பதவிசா ஓட்டுறாரு” என்றார். முன் சீட்டில் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் கோபம் தணிந்தது. நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். இங்கே எங்களுக்கு நிலம் இருந்தது. விற்றுத் தின்றுவிட்டு, இப்போது அண்ணன் தம்பி எல்லோரும் சென்னையில் ஆளுக்கொரு அடுக்குமாடியில் அடைந்து கிடக்கிறோம்.

மன்னார்குடியில் காபி இருபது ரூபாய். காபி என்றால் அது காபி. அங்கிருந்து கூத்தாநல்லூருக்கு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது.

10.30. ஜெராக்ஸ் கடை மாடியில் கூட்டம். கடை சாகுல் அண்ணனுடையது. அறுபது வயது, பன்னிரண்டு வருடம் சிங்கப்பூரில் இருந்தவர். வந்தது ஏழு பேர். உட்காரும் முன்பே அவர் என்னிடம் சொன்னார்: “நீங்க இங்க முதல் தடவை வர்றீங்க. நம்ம ஊர் கூட்டத்துல ஒரு வழக்கம் இருக்குங்க. நமக்கு நடந்ததை ரெண்டாவதா சொல்லலாம். நாம செஞ்சதைத்தான் முதல்ல சொல்லணும்.”

இதென்ன பாவமன்னிப்புக் கூட்டமா என்று எனக்குள் முணுமுணுத்துக்கொண்டேன். அவரே ஆரம்பித்தார். “சிங்கப்பூர்ல என்னை என்னென்னவோ பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. அதை அப்புறம் சொல்றேன். என் கீழ ஒரு பங்களாதேஷ் பையன் வேலை பாத்தான். மூணு வருசம். அவனை நான் ‘ஏய் பங்களா’ன்னுதான் கூப்பிட்டேன். ஒரு நாளும் அவன் பேரைக் கேட்டதில்ல.”

அடுத்தது மலர்விழி. ஒரத்தநாட்டுப் பக்கம் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்கிற பெண். நான் பொறுக்க மாட்டாமல் புத்தகத்தை விரித்து நடுவில் வைத்து, “இதை யார் எழுதினது? முதல்ல அது தெரியணும்” என்றேன். குரல் கொஞ்சம் தடித்துத்தான் போயிற்று.

“நாந்தாங்க” என்றாள் மலர்விழி.

“என் வீட்டைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாதுங்க. நீங்க யாருன்னே தெரியாதே. என் வீடுதான் தெரியும். நடவுக்கு வர்றவங்களுக்கு எங்க வீட்டுல பேப்பர் கப்புலதான் டீ. நாங்க சில்வர் டம்ளர்ல குடிப்போம். கேட்டா, பேப்பர் கப்புதான் சுத்தம்னு எங்க மாமியார் சொல்லுவாங்க. நானும் அதையே சொல்லிக்கிட்டு இருந்தேன். இந்தப் பக்கத்தைப் படிச்ச அன்னிக்குக் கப்பை நீட்டுறப்ப கை கூசிருச்சு. அதுக்கு மேல எழுதாம இருக்க முடியல. உங்களைக் குத்தணும்னு எழுதலைங்க. எனக்குத் துணைக்கு இன்னொருத்தர் இருக்காங்களான்னு பாக்கத்தான் எழுதினேன்.”

ஒரு மாதம் சேர்த்து வைத்த சண்டை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. என் முறை வந்தது. இங்கிலாந்துக் கடையைச் சொல்லத்தான் வந்தேன். வாய் வேறொன்றைச் சொன்னது.

எங்கள் வீட்டுக்கு அறுப்பு ஆட்கள் கொல்லைப்புறமாக வருவார்கள். தண்ணீர் கேட்டால் கையைக் குவிக்கச் சொல்லி, சொம்பு படாமல் உயரத் தூக்கி ஊற்ற வேண்டும். எனக்குப் பத்து வயதில் அந்த வேலை வந்தது. ஒரு நாள் ஓர் அம்மாவோடு அவர் மகளும் வந்தாள். என்னோடு ஐந்தாம் வகுப்பில் படித்தவள். பள்ளிக்கூடத்தில் நாவற்பழத்தைப் பங்கு போட்டுத் தின்போம். அவளுக்கும் உயரத் தூக்கித்தான் ஊற்றினேன். அவள் குடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து என்னோடு பேசவில்லை. அவளுக்குத் திமிர் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்தேன்.

மூலையில் இருந்த அஞ்சலை என்னைப் பார்த்தார். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமச் செவிலியர். அவருடைய அம்மா நாற்பது வருடம் நாற்று நட்டவராம். புத்தகத்தில் அவர் ஒரு கோடுகூடப் போடவில்லை. ஏன் என்று சாகுல் அண்ணன் கேட்டதற்கு, “எதை விடுறதுன்னு தெரியலண்ணே” என்று முன்பே சொல்லியிருந்தார்.

“மேடம், கோவிச்சுக்காதீங்க” என்றார் அஞ்சலை. “அந்தப் பொண்ணு பேரு என்ன?”

யோசித்தேன். அவள் பச்சைப் பாவாடை ஞாபகம் இருக்கிறது. ஒற்றைப் பின்னல் ஞாபகம் இருக்கிறது. பெயர் வரவில்லை. இங்கிலாந்துக் கடைக்காரியின் பெயர் எனக்கு இன்றும் மனப்பாடம். சட்டையில் குத்தியிருந்த அட்டையை அன்றே படித்து வைத்துக்கொண்டேன், திட்டுவதற்கு. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “தெரியலையே அஞ்சலை” என்றேன்.

“சரி விடுங்க, கேக்கணும்னு தோணுச்சு” என்றார். குத்திக் கேட்டது போல இல்லை. மதியம் சாகுல் அண்ணன் வீட்டு நெய்ச்சோற்றைப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் பரிமாறியதும் அவர்தான். எனக்குத்தான் இறங்கவில்லை.

3.50. தஞ்சாவூர் திரும்பும் பஸ். தஞ்சாவூர் வரை டிக்கெட் வாங்கியவள் எங்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். எங்கள் பழைய வீட்டுப் பக்கம் போகவில்லை. வாய்க்காலைத் தாண்டி, வயலோரம் இருக்கிற தெருவுக்குப் போனேன். பிறந்து பதினேழு வருடம் வளர்ந்த ஊர். அந்தத் தெருவுக்குள் நான் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. சிமெண்ட் ரோடு, மாடி வீடுகள், ஒரு வாசலில் கார். என் மனதில் இருந்த தெரு அங்கே இல்லை.

என் வயதுக்காரி ஒருத்தி வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். “யாரும்மா வேணும்?” என்றாள்.

“பேரு தெரியாதுங்க. இங்கேருந்து வந்து என்கூட அஞ்சாவது படிச்சாங்க. நான் பெரிய தெருப் பொண்ணு.”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உங்க வயசைப் பாத்தா, அந்த வருசம் இந்தத் தெருவுலேருந்து அஞ்சாவது போனது ஆறு பொண்ணுங்க. எந்தப் பொண்ணு?”

என் நினைவில் ஒருத்திதான் இருந்தாள். மற்ற ஐந்து பேர் என் வகுப்பில் இருந்ததே எனக்குத் தெரியாது.

“நிக்கிறீங்களே, உக்காருங்க” என்று பாயைத் தள்ளிப் போட்டாள். “ஒவ்வொருத்தியா சொல்றேன். அதுல நானும் ஒருத்தி.”