நடக்கும் என்று மட்டும் சொன்னவர்

ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி. அங்கே மருத்துவச் சமூகவியல் நடத்தும் மர்ஜானாவின் வகுப்பில் இடம் பிடிக்கப் பிள்ளைகள் முந்துவார்கள். டாக்டர்கள் எப்படி உருவாகிறார்கள் என்பதை அவர் நடித்தே காட்டுவார். பிணத்தைப் பார்க்கவே பயந்த மாணவன், படித்து முடிப்பதற்குள் நோயாளியின் பெயரை விட்டுவிட்டு "அந்த ஈரல் கேஸ்" என்பான். வகுப்பே சிரிக்கும். மர்ஜானா டாக்டர் இல்லை; டாக்டர்களைப் படித்தவர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒருநாள் தனேஷ் என்ற மாணவன் எழுந்தான். அவன் அப்பாவுக்கு புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலை. வார்டுக்கு அழைத்துப் போனால் யாராவது ஒரு நோயாளியின் கட்டிலோரம் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருப்பான்.

"எல்லாரும் அப்படி ஆகணும்னு இல்லைதானே, மேடம்?"

"நீயும் ஆவே, தனேஷ். இருந்து பாருலா."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. தனேஷும் சேர்ந்துதான் சிரித்தான்.

சில ஆண்டுகள் போயின. மர்ஜானாவின் கணவர் இஸ்மாயிலை டிங்கிக் காய்ச்சலோடு அரசாங்க மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். காலையில் வந்த இளம் டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார், மருந்து ஏறும் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. "டாக்டர், நேத்துலேர்ந்து எனக்கு..." என்று இஸ்மாயில் தொடங்குவதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மர்ஜானாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே போய்க் கூப்பிட்டார். திரும்பியவன் தனேஷ்.

இருவரும் வார்டுக்கு வெளியே நின்று பேசினார்கள்.

"ஹவுஸ்மேன் பயிற்சிக்கு வந்த புதுசுல வார்டுல ஒரு அக்கா தவறிட்டாங்க மேடம். அவங்க பிள்ளைங்களோட நானும் அழுதுட்டேன். பெரிய டாக்டர் எல்லாரு முன்னாடியும் ஏசிட்டாரு. அதுலேர்ந்து நான் யாரு முகத்தையும் பாக்குறதில்ல."

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமேப்பா?"

"நீங்க முன்னாடியே சொன்னதுதானே, மேடம். நடக்கும்னு சொன்னீங்க. நடந்தா என்ன செய்யணும்னு சொல்லல."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் மர்ஜானாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இஸ்மாயில் குணமாகி வீடு வந்தபின், மர்ஜானா தனேஷைப் போனில் பிடித்து, வகுப்பில் வந்து பேசச் சொன்னார். "பாக்குறேன், மேடம்" என்றான். வரவில்லை. அவனோடு படித்த காமினிதான் பிறகு ஒருநாள் சொன்னாள்: தனேஷ் வேலையை விட்டுவிட்டு கோலாலம்பூரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் சேர்ந்துவிட்டானாம்.

அன்றிரவு மர்ஜானா, வகுப்பில் தான் சொன்ன பதிலையும் சேர்த்து, எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னார்.

"நீ ஒண்ணும் பொய் சொல்லலையே," என்றார் இஸ்மாயில்.

"பொய் சொல்லலதான். அன்னைக்கு வகுப்புல அவன் பயந்து போய்க் கேட்டிருக்கான். எனக்கு அது தெரியல."

இப்போது வகுப்பில் அவர் நடித்துக் காட்டுவதில்லை. மனம் மரத்துப்போய் அதிலிருந்து மீண்டு வந்த டாக்டர்கள் இரண்டொருவரைத் தேடிப்பிடித்து, மாணவர்கள் முன்னால் உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார். படித்து முடித்துப் போன பிள்ளைகள் சிலர் வேலை முடிந்து அவர் அறைக்கு வந்து மனம்விட்டுப் பேசிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் போனபின் மர்ஜானாவுக்குத் தனேஷின் நினைப்பு வரும். இதைச் சில வருடங்களுக்கு முன்பே செய்திருக்கலாம்.