ஒலீட்டா பர்டெட்டும் மூக்கு மருந்தும்

ஒலீட்டா பர்டெட் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். மேற்கு வர்ஜீனியாவில் எங்கள் பள்ளத்தாக்கில் நாற்பது வயதுக்குட்பட்ட எல்லோரும், நான் உட்பட, அவளிடம் திட்டு வாங்கியவர்கள்தான். ஓய்வு பெற்ற பிறகும் அவள் தொண்டை ஓய்வு பெறவில்லை. எனக்கு மருந்துக்கடையில் வேலை, அவள் வீட்டுக்கு எதிர்வீடு. அதனால் இரண்டு இடத்திலும் எனக்குத்தான் இடி.

அவள் மகன் ஜேரட் சுரங்கத்தில் முதுகை ஒடித்துக்கொண்டு, வலி மாத்திரைக்குப் பழகி, மாத்திரை நின்றதும் ஹெராயினுக்குப் போனவன். அந்த வருஷம் மட்டும் அவனோடு படித்த மூன்று பேரைப் புதைத்தோம். போதை அளவு மீறி மூச்சு நின்றவனை, மூக்கில் ஸ்பிரே அடித்து எழுப்ப நலாக்ஸோன் என்று ஒரு மருந்து உண்டு. ஒலீட்டாவுக்கு அது வீட்டில் இருக்க வேண்டும். கடைக்கு வந்து கேட்டாள்.

"டாக்டர் சீட்டு இருக்கா?" என்றேன்.

"இல்லை."

"ஜேரட்டே டாக்டர்கிட்ட போய் அவன் பேர்ல எழுதி வாங்கணும். சட்டம் அப்படி."

"ஏண்டி ரெனீ, மூச்சு நின்னவன் எந்திரிச்சு உக்காந்து தன் மூக்குல தானே அடிச்சுக்குவானா?"

அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

ஜேரட் டாக்டர் வாசலை மிதிக்கவே மாட்டேன் என்றான். உடனே ஒலீட்டா தலையைக் கலைத்து விட்டுக்கொண்டு டாக்டர் ஹாமிலிடம் போய், "நான்தான் டாக்டர் ஊசி போட்டுக்கறேன், என் பேர்ல எழுதுங்க" என்றாள். சர்ச்சில் ஆப்பிள் பலகாரம் சுட்டு விற்கிற அறுபத்தாறு வயதுக்காரி! அவர் சிரிக்காமல் ஒரு டப்பாவைக் கொடுத்து, சிறுநீர் பிடித்து வரச் சொன்னார். சோதனையில் ஒரு துளி போதை கிடையாது. "நீங்க சுத்தமா இருக்கீங்க ஒலீட்டா, எழுத முடியாது" என்று அனுப்பிவிட்டார். அந்தச் சோதனையில் தேறியதற்காக வாய்விட்டு அழுத ஒரே மனுஷி அவளாகத்தான் இருப்பாள்.

போதைச் சோதனை டப்பாவும் கையுமாக அவள் போனதை வனீட்டா பார்த்துவிட்டாள். வனீட்டா எங்கள் சர்ச்சின் ஜெபச் சங்கிலிக்குத் தலைவி. ஒருத்தி அடுத்தவளுக்குப் போன் போட்டு, யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று மட்டும் சொல்ல வேண்டும், ஏன் என்று சொல்லக் கூடாது. இந்த விதியை யாரும் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை. மத்தியானத்துக்குள் ஒலீட்டா ஹெராயின் அடிமை ஆகிவிட்டாள். சாயங்காலம் பதினோரு பெண்கள் சீஸ் மக்ரோனியும் பீன்ஸும் ஏந்திக்கொண்டு அவள் வாசலில் நின்றார்கள். எங்கள் ஊரில் சாவுக்கும் அவமானத்துக்கும் ஒரே சமையல்தான்.

வேறொருத்தியாக இருந்தால் கதவை அறைந்து சாத்தியிருப்பாள். ஒலீட்டா எல்லாப் பாத்திரத்தையும் வாங்கி உள்ளே வைத்தாள்.

"என்னைக் காப்பாத்தத்தானே வந்தீங்க?"

"ஆமாண்டி கண்ணு" என்று வனீட்டா மூக்கை உறிஞ்சினாள்.

"அப்போ செவ்வாய்க்கிழமை காலைல சர்ச் பஸ்ல ஏறுங்க. இந்த மருந்தை யார் வேணா வாங்கலாம்னு தலைநகர்ல ஒரு சட்டம் பேசறாங்க. ஏறாதவளுக்குப் பாத்திரம் திரும்பி வராது."

பதினோரு பேரும் ஏறினார்கள்.

சட்டசபையில் ஓர் உறுப்பினர், மருந்து இருக்கிற தைரியத்தில் இன்னும் அதிகமாக ஊசி போட்டுக்கொள்வார்கள் என்றார். ஒலீட்டா எழுந்தாள். "என் பஸ்ல தீயணைக்கிற சிலிண்டர் முப்பத்தொரு வருஷம் தொங்குச்சு சார். அது இருக்கேன்னு ஒரு பிள்ளையும் பஸ்ஸைக் கொளுத்தல. நீங்க உக்காருங்க." அவர் உட்கார்ந்துவிட்டார்.

சட்டம் நிறைவேறியது. இவளால் மட்டும் இல்லை, பிள்ளைகளைப் புதைத்த எத்தனையோ பேர் அன்று பேசினார்கள். ஆனால் அமலுக்கு வரத் தொண்ணூறு நாள் ஆகும் என்றார்கள். அந்தத் தொண்ணூறு நாளும் ஜேரட் குளியலறைக்குப் போனால், இவள் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து "பாடுடா" என்பாள். பாட்டு கேட்கிற வரைக்கும் மூச்சு இருக்கிறது என்று கணக்கு. பாட்டு நின்றால் கதவு உடையும் என்று மிரட்டல் வேறு. முப்பத்தாறு வயது ஆம்பிளை கழிவறையில் சுருதி தப்பிக் கீர்த்தனை பாடுவது எதிர்வீட்டில் எனக்கே கேட்கும். நான் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தொண்ணூற்றோராம் நாள் நான் கடை திறப்பதற்கு முன்பே அவள் வாசலில் நின்றாள். சீட்டுக் கேட்காமல் பெட்டியைக் கொடுத்தேன். நான் அதை இரண்டு காகிதப் பையில் சுற்றித் தந்ததைப் பார்த்து, "நீ ஏண்டி கள்ளச்சாராயம் விக்கிற மாதிரி ஒளிச்சுத் தர்றே?" என்று கிண்டல் செய்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், போதகர் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குளியலறையில் பாட்டு நின்றது. போதகர் தோளால் மோதிக் கதவைத் திறந்தார். ஒலீட்டா போட்ட கூச்சலில் நான் சாலையைத் தாண்டி ஓடினேன். ஜேரட் உதடு நீலம் பாரித்துக் கிடந்தான். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட, அவள் ஒரு மூக்குத் துளையில் மருந்தை அடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினாள். அசைவில்லை. அடுத்த துளையில் இரண்டாவதை அடித்தாள். அந்த நிமிஷங்களைப் பற்றி என்னால் எழுத முடியாது.

அந்த மருந்து போதையைப் பிடுங்கிக்கொண்டுதான் உயிரைத் தரும். எழுகிறவன் நன்றி சொல்லிக்கொண்டு எழுவதில்லை. ஜேரட் இருமி, கண்ணைத் திறந்து, பெற்றவளைப் பார்த்து, சுரங்கத்துக்குள்ளேகூடச் சொல்லக் கூசுகிற வார்த்தைகளால் திட்ட ஆரம்பித்தான்.

"தம்பி, வாயை அடக்கு!" என்று போதகர் முன்னால் வந்தார்.

ஒலீட்டா அவரைக் கையால் தடுத்தாள். அவள் முகமெல்லாம் நனைந்திருந்தது.

"நிறுத்தாதீங்க பாஸ்டர்" என்றபடி மகன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "சொல்லுடா ராசா. இன்னும் சொல்லு."