மலையேறிய சோளத் தோசை

சால்னாப் பொட்டலத்தின் முடிச்சை யாராவது பல்லால் கடித்து அவிழ்த்தால் போதும், எந்த ஊரில் இருந்தாலும் நான் கம்பத்தில் அக்கா வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். சோம்பும் பட்டையும் சூட்டில் இளகிய பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை அது. அக்கா ஜவுளிக்கடை வேலை முடிந்து வரும்போதே அதைக் கையில் தூக்கிக்கொண்டு வருவாள். அவள் கணவர், எனக்கு மாமா, விடியுமுன்பே ஜீப்பை எடுத்து, ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளத்துக்குப் போய்விடுவார். கல்லூரியில் படிக்கும் மகள், எனக்கு மருமகள், கைப்பேசியிலிருந்து தலை நிமிர்ந்தால் அதுவே பெரிது. பிரிட்ஜைத் திறந்தால் பாக்கெட் மாவு, பாக்கெட் இடியாப்பம், பாக்கெட் சப்பாத்தி. அந்தச் சமையலறையில் ஓய்வில்லாமல் உழைத்தது கத்தரிக்கோல் ஒன்றுதான்.

சில மாதங்களில் முடியவிருந்த மாமாவின் லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் தேவைப்பட்டது. டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார், பேனாவை மூடினார். சுகரைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்றார். கொண்டை ஊசி வளைவுகளில் ஆள் ஏற்றிப் போகிறவருக்குத் தலை சுற்றினால் என்ன ஆகும் என்றும் கேட்டார். ஜீப்பை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தவரின் இடது கை தரையில் தானாகக் கியர் மாற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

நான் அப்போது இரண்டு நாள் தங்கிப் போகலாம் என்று வந்திருந்தேன். என் கால் எந்த ஊரிலும் அதற்கு மேல் நிற்காது.

"சும்மாதான இருக்க. கவிதை எழுதுற கையி களி கிண்டாதா?" என்றாள் அக்கா.

கிண்டியது. சந்தைக்குப் போய்ச் சோளம், கேழ்வரகு, கொள்ளு, முருங்கைக்கீரை, புடலங்காய் என்று அள்ளி வந்தேன். முதல் நாள் களியைப் பார்த்த மருமகள், இது சாப்பிடவா, மாடித் தொட்டியில் ஒழுகும் இடத்தில் அப்பவா என்று விசாரித்தாள். மாமா மாத்திரை விழுங்குகிறவர் போல ஒவ்வொரு கவளமாக உள்ளே அனுப்பினார். மதியத்துக்குச் சோளத் தோசையும் கொள்ளுத் துவையலும் கீரைப் பொரியலும் கட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் டப்பா துடைத்துவிட்ட மாதிரி திரும்பி வந்தது. மறுநாளும் அப்படியே. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா கடையிலிருந்து வந்ததும் கீரை ஆய உட்கார்ந்தாள். மருமகள் தான் அரைத்த துவையலைப் படம் பிடித்துத் தோழிகளுக்கு அனுப்பினாள். பாக்கெட்டுகள் ஒவ்வொன்றாக வீட்டைவிட்டுப் போயின.

ஒரு மாதம் கழித்து மறுபடி பரிசோதித்தபோது சுகர் குறையவில்லை. சொல்லப்போனால் சற்று ஏறியிருந்தது. டாக்டர் மறுபடி பேனாவை மூடிவிட்டார்.

"ஏலே, துவையல்ல வெல்லங்கில்லம் போடுறியா?" என்று அக்கா என்னைத்தான் கேட்டாள். மாமா ஜீப்பின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார், பரோட்டாக் கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று.

மறுநாள் நானும் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். ஏற ஏறத் தென்னையும் திராட்சைப் பந்தலும் வயலும் கீழே கீழே போய், கடைசியில் பள்ளத்தாக்கு முழுவதும் மஞ்சு மூட்டத்துக்குள் முங்கிப்போனது. பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, அவர் அங்கேயே ஏலக்காய் மூட்டை ஏற்றி இறக்கிப் பிழைப்பார். மதியம் எல்லோரும் ஜீப்பைச் சுற்றி உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்தார்கள். மாமாவின் டப்பாவை மாமா திறக்கவில்லை. ஒருத்தி தோசையை எடுத்தாள், இன்னொருத்தி துவையலை வழித்தாள், கீரை கை மாறிப் போயிற்று. மாமாவின் தட்டில் வெள்ளைச் சோறு மலையாகக் குவிந்தது. அதன் மேல் புளிக்குழம்பு, பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"எல்லாம் வீட்டுச் சாப்பாடு மாப்ள," என்றார் கொஞ்சமும் கூசாமல். "நீ அதத்தான திங்கச் சொன்ன?"

அந்தப் பெண்களுக்கு என் சமையல் மேல் ஏகப் பிரியம். அண்ணனுக்கு இறங்கவில்லையாம், வீணாகப் போகிறதே என்று வாங்கிக்கொண்டார்களாம். ஒருத்திக்கு மூட்டு வலிகூடக் குறைந்திருக்கிறதாம். ஆக, நான் ஒரு ஜீப் நிறைய ஆட்களைத் தேற்றியிருக்கிறேன், ஓட்டுகிறவரைத் தவிர.

டாக்டரின் கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன். பெண்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். அதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மழைக்காலத்தில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வரும்வரை காத்து நிற்கிற மனிதரின் பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூத்தவள் எழுந்து வந்து அந்தத் தட்டைப் பிடித்தாள்.

"அண்ணே, இங்கன குடுங்க."

"பாதியாச்சும் இருக்கட்டும் ஆத்தா."

"நீங்க இல்லேன்னா இந்த மலையில எங்கள யாரு ஏத்துவாக? குடுங்கண்ணே."

கொடுத்தார். மிச்சமிருந்த ஒன்றரைத் தோசை அவர் பக்கம் நகர்ந்து வந்தது.

அன்றிலிருந்து ஜீப்புக்கென்று தனியாக ஒரு தூக்குவாளி. அதை அக்காவே எழுந்து நிரப்பினாள், நான் கிண்டுவதில் கட்டி விழுகிறதாம். சுகரோடு பிரஷரும் சேர்ந்துவிடக் கூடாதென்று எல்லாவற்றிலும் உப்பையும் குறைத்துவிட்டாள். மதியமானால் மலையிலிருந்து அக்காவுக்குப் போன் வரும், அண்ணன் என்ன சாப்பிட்டார், எதை ஒளித்தார் என்று. சொந்த வண்டியிலேயே தன்னைச் சிறை வைத்துவிட்டதாக மாமா தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் முறையிட்டார். சாயங்காலம் டப்பாவை நீட்டும்போது மட்டும், நாளைக்கு என்ன என்று கேட்கத் தொடங்கியிருந்தார்.

இன்னும் இரண்டு மாதம் கழித்து ஒருவழியாக டாக்டர் பேனாவைத் திறந்தார். இன்னும் குறைய வேண்டும், விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டாராம்.

மறுநாள் நான் கிளம்பினேன். மாமாதான் விடிகாலையில் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார். ஜீப்பின் பின்னால் பெண்கள் தூக்குவாளியை நடுவில் வைத்துக் கால்களால் அணைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். தேனி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. நான் பையை எடுத்தபோது மாமா என் கையைப் பிடித்து இழுத்து, பின்னால் இருப்பவர்கள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, ஒங்க அக்காட்ட நான் சொன்னேன்னு சொல்லாத. அந்தக் கொள்ளுத் துவையல்ல ஒரு கல்லு உப்புச் சேத்துப் போடச் சொல்லு. கையெழுத்துத்தான் வந்துருச்சுல்ல?"