பக்கத்து வீட்டு டிவியில் என் போன்

திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வீட்டுக்கும் மேரி வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அவர்கள் வைஃபையில்தான் என் போனும் ஓடும். மேரியின் மகள் ஜெனியும் என் மகனும் சேர்ந்துதான் பிளஸ் டூ எழுதினார்கள். ரிசல்ட் வந்தபோது தெருவிலேயே ஜெனிக்குத்தான் அதிக மார்க். என் மகன் பாஸ், அவ்வளவுதான்.

வாழ்த்துச் சொல்லப் போனேன். போன இடத்தில் சும்மா இருக்க முடியவில்லை. "என் புள்ள கபடி ஆடுனத பாரு மேரி, சின்ன போன்ல இன்னா தெரியும்" என்று என் போனை அவர்களுடைய பெரிய டிவியில் இணைத்து, அவன் கோப்பை வாங்கும் வீடியோவை மூன்று முறை ஓடவிட்டேன். மேரி மூன்று முறையும் கை தட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும், மேரி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த ஜெனியின் மார்க் பட்டியலைத் திறந்தேன். எதிலாவது குறைந்திருக்காதா என்று விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு பாடமாகத் தேடினேன். இங்கிலீஷில் எண்பத்தொன்று. அதை இன்னும் பெரிதாக்கி, திருப்தியாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் ஜெனி வந்து நின்றாள்.

"அத்த, ஒங்க போனு இன்னும் எங்க டிவிலதான் ஓடிகினு கீது. அம்மா கேக்கு வாங்க கடைக்குப் போயிருக்கு. அது வர்றதுக்குள்ள ஆஃப் பண்ணிடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். சாயங்காலம் மேரி கேக்கோடு சிரித்துக்கொண்டே வந்தபோதுதான், மகள் எதையும் சொல்லவில்லை என்று தெரிந்தது.

மார்க்குக்காக மேரிமேல் இருந்த பொறாமை அன்றோடு போய்விட்டது. இப்படி ஒரு பெண்ணைப் பெற்றிருக்கிறாளே என்ற பொறாமைதான் இன்னும் போகவில்லை.