ஃபைபர் பறை

காலையில எங்க ஸ்ரீரங்கம் அப்பார்ட்மெண்ட் லிஃப்ட்ல செக்ரட்டரி பிடிச்சுக்கிட்டார்.

"சார், பொங்கலுக்காக இன்னைக்குச் சாயங்காலம் மொட்டை மாடியில பறை வொர்க்‌ஷாப். லண்டன்ல க்ளாஸ் எடுக்கிறவர் வந்திருக்கார். நீங்களும் வாங்க, நம்ம பாரம்பரியம் இல்லையா?"

"இங்க ஒத்துக்கிட்டாங்களா?"ன்னேன்.

"தோல் கிடையாது சார், ஃபைபர். அதனால யாரும் ஒண்ணும் சொல்லல."

போன ஆடியில எங்கப்பா தவறினப்போ, வையம்பட்டியிலேருந்து சித்தப்பாங்க பறையோட வந்தாங்க. அப்பாவும் அவங்களோட சேர்ந்து அடிச்சவர்தான். இதே செக்ரட்டரிதான் கேட்ல நிறுத்தினார்.

"கோச்சுக்காதீங்க சார், இங்க இந்தச் சத்தமெல்லாம் பழக்கமில்ல."

பறையைச் சாக்குல சுத்தி வேன்லயே வெச்சுட்டாங்க. ஊர்ச் சாவுக்கெல்லாம் அடிச்ச மனுஷன், சத்தமே இல்லாம போனார்.

இப்போ மாடியில அடி பின்னி எடுக்கறாங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி கறுப்பு டீஷர்ட். என் ஜன்னல் கம்பி அதிருது. மேல ஏறிப் போய்ச் சண்டை போட எனக்குத் தெம்பில்ல.

அப்பார்ட்மெண்ட் குரூப்ல ஒரே ஒரு வரி மட்டும் டைப் பண்ணி வெச்சிருக்கேன்.

"கோச்சுக்காதீங்க சார், இங்க இந்தச் சத்தமெல்லாம் பழக்கமில்ல."

அனுப்பட்டுமா, சொல்லுங்க.